ஈரான் மீது திரும்பிய தடைகள்: டாலர் வழியா, ஐ.நா. வழியா?

அணுத் திட்டத்தைக் கட்டுப்படுத்த ஈரான் சம்மதித்த 2015 ஒப்பந்தத்தால் தளர்ந்த அந்நாட்டின் மீதான பொருளாதாரத் தடைகள் இரண்டு முறை திரும்பி வந்தன. 2018இல் அமெரிக்கா தனியாக, டாலரின் பலத்தை வைத்துக் கொண்டுவந்தது: ஈரானோடு வியாபாரம் செய்தால் அமெரிக்கச் சந்தையில் இடமில்லை என்று. 2025 செப்டம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை வழியாக வந்தது.

சாமர்த்தியம் என்று பார்த்தால் இரண்டாவதுதான். வழக்கமாக அங்கே ஒரு தடை நிறைவேற, வீட்டோ (ஒரே மறுப்பால் தீர்மானத்தைத் தடுக்கும் உரிமை) உள்ள ஐந்து நாடுகளில் எதுவும் மறுக்கக் கூடாது. 2015 ஒப்பந்தத்தை ஏற்று அவை நிறைவேற்றிய 2231ஆம் தீர்மானம் இதைத் தலைகீழாக்கியது. ஈரான் சொன்னபடி நடக்கவில்லை என்று ஒப்பந்தத்தில் உள்ள ஒரு நாடு புகார் கொடுத்து 30 நாளுக்குள், 'தளர்வு தொடரட்டும்' என்று அவை முடிவெடுக்காவிட்டால் பழைய தடைகள் தாமாகவே உயிர்பெறும். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் ஆகஸ்ட் 28 அன்று புகார் கொடுத்தன. செப்டம்பர் 19 வாக்கெடுப்பில் தளர்வுக்குக் கிடைத்தது 15இல் 4 ஓட்டு. வீட்டோவுக்கு வேலையே வரவில்லை.

டாலர் வழியில் இந்தச் சடங்கு எதுவும் கிடையாது. 2018 மே 8 அன்று டிரம்ப் ஒப்பந்தத்திலிருந்து விலகினார். ஈரானோடு உள்ள வியாபாரத்தை முடித்துக்கொள்ள நிறுவனங்களுக்கு 90 நாள், 180 நாள் என்று அவகாசம் கொடுத்தார், அவ்வளவுதான். பிரான்ஸ் அரசு அந்த முடிவை எதிர்த்தது; ஆனாலும் அந்நாட்டின் டோட்டல் எண்ணெய் நிறுவனம் ஈரானின் சவுத் பார்ஸ் எரிவாயுத் திட்டத்தை விட்டுக் கிளம்பியது. இந்தியாவுக்கு அமெரிக்கா கொடுத்த விலக்கு 2019 மேயில் முடிந்ததும் ஈரான் எண்ணெய் வாங்குவது நின்றது. டாலரைச் சுற்றிக்கொண்டு வியாபாரம் செய்ய ஐரோப்பியர்கள் இன்ஸ்டெக்ஸ் என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பெயருக்கு ஒரு பரிவர்த்தனை நடந்தது, 2023இல் மூடிவிட்டார்கள். அரசு என்ன சொன்னாலும், அமெரிக்கச் சந்தையை இழக்க எந்த வங்கி துணியும்?

சரி, அப்படியானால் ஐ.நா. வழி எதற்கு? கூட்டாளிகளுக்காக. தனியாகப் போன அமெரிக்கா 2020இல் ஐ.நா.வில் இதே புகார் வழியைப் பயன்படுத்தப் பார்த்தபோது, 'ஒப்பந்தத்தை விட்டுப் போனவருக்கு இதில் உரிமை இல்லை' என்று 15 உறுப்பினர்களில் 13 பேர் மறுத்துவிட்டார்கள். 2025இல் ஐரோப்பிய ஒன்றியமே எண்ணெய் இறக்குமதித் தடையையும் ஈரான் மத்திய வங்கியின் சொத்து முடக்கத்தையும் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் பணத்தைப் பொறுத்தவரை வலிக்க வேண்டியதில் பெரும்பகுதி ஏழு வருடத்துக்கு முன்பே வலித்துவிட்டது. புதிதாகச் சேர்ந்தவற்றில் முக்கியமானவை ஆயுதத் தடை, ஏவுகணைக் கட்டுப்பாடு, சரக்குச் சோதனை. ரஷ்யாவும் சீனாவும் இவை செல்லாது என்கின்றன.

என் கணக்கில், காயப்படுத்துவதுதான் நோக்கம் என்றால் டாலர் வழி. அந்தத் தடை நியாயமானது என்று மற்ற நாடுகளும் ஏற்க வேண்டுமானால் ஐ.நா. வழி. ஒரு சிக்கல் உண்டு. நாளை புதிய ஒப்பந்தம் வந்தால், தங்கள் வீட்டோவைச் செல்லாக்காசாக்கிய அதே ஷரத்துக்கு ரஷ்யாவும் சீனாவும் மறுபடி சம்மதிக்க வேண்டியிருக்கும்.