ஹோர்மோன் லூப் போட்டு ஆறாவது வருசம்: எனக்கு ஒத்துக்கொண்டதும் ஒத்துக்கொள்ளாததும்

பிள்ளை தங்காமலிருக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கிற சின்னச் சாமான்தான் லூப். எங்கள் பக்கம் லூப் என்றாலே எல்லாம் ஒன்றுதான் என்ற நினைப்பு. எம்.ஓ.எச். (அரச சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் காசில்லாமல் போட்டுவிடுகிற லூப் செப்புக் கம்பி சுற்றியது. அதில் ஹோர்மோன் இல்லை, பத்து வருசம் வரை இருக்கும், ஆனால் பலருக்கு மாதவிடாய் கூடும். ஹோர்மோன் லூப் அதற்கு நேரெதிர், மாதவிடாயைக் குறைக்கும். ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்ட கதையை மற்றதன் தலையில் போட்டுத்தான் நாங்கள் பயப்படுகிறோம். இரண்டும் என் உடம்பில் இருந்தவை என்பதால் இதை எழுதுகிறேன்.

இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு மிட்வைஃப் அக்கா சொல்லித்தான் செப்பு லூப் போட்டேன். முதலில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. போகப் போக மாதவிடாய் எட்டு நாள், ஒன்பது நாள் என்று இழுக்கத் தொடங்கியது. நான் ஆசிரியை. மூன்றாம் பாடம் முடிந்து எழும்பும்போது கதிரையை ஒரு தரம் திரும்பிப் பார்க்காமல் வகுப்பை விட்டு வெளியே வந்ததில்லை. அந்த நாட்களில் கடும் நிறச் சாறிதான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரத்தம் சோதித்தபோது எச்பி (ஹீமோகுளோபின் அளவு) 8.2. கிளினிக்கில் தந்த இரும்புச்சத்துக் குளிசையை விழுங்கிவிட்டு, உள்ளே போனதையெல்லாம் மாதாமாதம் வெளியே விட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு வீ.ஓ.ஜி.யை, அதாவது பெண்நோய் மகப்பேற்று நிபுணரை, தனியாரில் சனல் பண்ணிப் பார்த்தோம். ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. செப்பு லூப்பை எடுத்துவிட்டு ஹோர்மோன் லூப் போடலாம் என்றார். என்னைப் போல இரத்தம் போகிறவர்களுக்கு இது குடும்பக்கட்டுப்பாடு மட்டுமில்லை, வைத்தியமும்தான் என்று விளக்கினார். கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து போன எனக்கு அது பெரிய ஆறுதல்.

அவர் துண்டுக் கடதாசியின் பின்பக்கம் படம் கீறிக் காட்டியதை இன்றைக்கும் மற்றவர்களுக்கு நான் கீறிக் காட்டுகிறேன். ரீ (T) எழுத்து வடிவப் பிளாஸ்டிக், நீளம் 32 மில்லிமீற்றர். அதன் தண்டில் லெவோநோர்ஜெஸ்ட்ரெல் என்ற ஹோர்மோன் 52 மில்லிகிராம். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20 மைக்ரோகிராம் கசியும், ஐந்து வருசமாகும்போது அது பாதியாகிவிடும். கர்ப்பப்பையின் உள்சுவரை மெல்லியதாக்கி, கழுத்துப் பகுதியின் சளியைத் தடிப்பாக்கி விந்தை உள்ளே போகவிடாது. பெரும்பாலானவர்களுக்கு முட்டை வெளியாவது நிற்பதில்லை. கருத்தரித்த பிறகு கலைப்பதற்கான சாமான் இல்லை இது. எங்கள் ஊரில் இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. முதல் வருசத்தில் ஆயிரம் பேர் பாவித்தால் இரண்டு பேர் அளவில்தான் கர்ப்பமாகிறார்கள். மிரேனா என்ற பெயரில் 1990 இல் பின்லாந்தில் முதலில் வந்தது, ஆகவே புதுச் சாமானும் இல்லை.

காசுதான் இடித்தது. செப்பு லூப் இலவசம், இதற்கு என் சம்பளத்தில் பெரிய பங்கு ஒன்று போனது. வீட்டுக்காரர் இவர் ஒரு வார்த்தையும் பேசாமல் எடுத்துத் தந்தார். மாமிக்கு விலையைச் சொல்லவில்லை, இன்றுவரைக்கும்.

போட்ட நாளில் நோவைவிட வெளியே இருந்த கூட்டம்தான் என்னைக் கூசவைத்தது. அந்தத் தனியார் இடத்தில் ஆம்பிளைகளும் இருக்கிற வாங்குகளுக்கு முன்னால் வந்து நின்று "லூப் போட வந்தது ஆரு?" என்று கூப்பிட்டார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும்? உள்ளே, எறும்பு கடித்ததுபோல இருக்கும் என்று சொன்னார்கள். இரண்டு பிள்ளை பெற்ற எனக்கே கர்ப்பப்பையின் ஆழத்தை அளக்கிற நேரம் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஓரிரு நிமிடந்தான், ஆனாலும் எறும்பு இல்லை. நோவுக்குக் குளிசை முன்கூட்டியே போடலாமா என்று கேளுங்கள், தனியாகப் போகாதீர்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அக்கரைப்பற்றில் இருக்கிற என் சித்தியின் மகள் வெறும் வயிற்றோடு போய், எழும்பும்போது மயங்கி விழுந்தாள்.

அவளுக்கு இன்னொரு துன்பமும் வந்தது. சில மாதத்தில் மாதவிடாயோடு லூப் தானாக வெளியே வந்துவிட்டது. இருபது பேரில் ஒருவருக்கு அப்படி நடக்கலாமாம். இதனால்தான் லூப்பிலிருந்து தொங்கும் நூலை மாதத்துக்கு ஒரு தரமாவது விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். நூல் தட்டுப்படாவிட்டாலோ, பிளாஸ்டிக் தண்டே கையில் பட்டாலோ ஸ்கேன் எடுக்கும்வரை வேறு பாதுகாப்பு வேண்டும். என் நூல் முதலில் கொஞ்சம் நீளமாக இருந்து இவருக்குக் குத்தியது. அடுத்த தரம் காட்டப் போனபோது கத்தரித்துவிட்டார்கள், அதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது.

இனி முதல் ஆறு மாதம். மூன்று முதல் ஆறு மாதம்வரை ஒழுங்கில்லாமல் இரத்தம் படலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். காதில் விழுந்த சொல்தான். ஆனால் இரத்தம் படுகிறது என்றால் எங்கள் வீடுகளில் என்ன நடக்கும் என்பது அவருடைய கடதாசிப் படத்தில் இருக்கவில்லை. அள்ளிக்கொண்டு போகவில்லை, மண்ணிறமாகத் துளித்துளியாகப் பட்டுக்கொண்டே இருந்தது. இன்றைக்கு நின்றுவிட்டது என்று முழுகுவேன், மறுநாள் பின்னேரம் மறுகாவும் பட்டிருக்கும். நான் இருப்பது மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதி. அந்த முறை சரியாக வைகாசிச் சடங்கு வந்தது. கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தது தொடங்கிக் கடைசியில் அம்மனைக் குளிரப்பண்ணும் குளிர்த்தி பாடி முடியும்வரை வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் இல்லை, துடக்குக்காரர் (மாதவிடாய்த் தீட்டு உள்ளவர்கள்) அடுப்படிப் பக்கம் வருவதும் இல்லை. நான் துடக்கா இல்லையா என்று எனக்கே தெரியாத நிலை. குளிர்த்தி அன்று இரவு பிள்ளைகளை மச்சாளோடு அனுப்பிவிட்டு, ஒலிபெருக்கியில் பாட்டைக் கேட்டுக்கொண்டு முன்வாசலில் இருந்தேன். அன்றைக்கு யாராவது எடுத்துவிடு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போய் எடுத்திருப்பேன்.

பக்கத்துக் காத்தான்குடியில் என்னோடு படிப்பிக்கிற தோழி அதே வருசம் போட்டவள். அவளுக்குத் தொழுகை. வழமையான நாட்களை ஹைழாக (மாதவிடாயாக) கணக்கெடு, மிச்சம் இஸ்திஹாழா (மாதவிடாயல்லாத இரத்தம்), குளித்துவிட்டு ஒவ்வொரு தொழுகைக்கும் உழூ (கை கால் முகம் கழுவுவது) செய்து தொழு என்று மார்க்கம் படித்த ஓர் ஆலிமா சொல்லிக் கொடுத்தா. மார்க்கத்தில் வழி இருந்தது. ஆனால் ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் உடுப்பைப் பார்ப்பது, கணக்குப் பார்ப்பது, நோன்பு காலத்தில் இது நோன்பா, பிறகு பிடிக்கவேண்டிய கழாவா என்று மனது அடித்துக்கொள்வது எல்லாம் சேர்ந்து அவள் களைத்துப்போனாள். அதோடு எரிச்சல், காரணமில்லாத அழுகை. வருசம் முடியுமுன்னரே எடுத்துவிட்டாள். "அழுகை லூப்பால வந்ததா, என்னாலதான் வந்ததா எண்டு எனக்குத் தெரியா. எடுத்ததுக்குப் பொறகு மனசு லேசாயிட்டு" என்றாள். அவள் பொறுமையில்லாமல் எடுத்தாள் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. அவளுக்கு முன்னமே மாதவிடாய் அளவாகத்தான் இருந்தது, இதைச் சகிக்க அவளுக்கு என்ன லாபம்? எனக்கு எச்பி 8.2. நான் தாங்கிக்கொண்டதற்குக் காரணம் இருந்தது.

ஆறு மாதம் கழிந்ததும் என் பக்கம் காற்று மாறியது. மாதவிடாய் மூன்று நாள், பிறகு ஒரு நாள், பிறகு ஒரு மெல்லிய கறை. மாதவிடாய் கூடுதலாக உள்ளவர்களுக்கு ஆறு மாதத்தில் இரத்தப்போக்கு பொதுவாக 80 சதவீதத்துக்கும் மேல் குறைகிறது. எனக்கு வருசக் கடைசியில் எச்பி 11.9. வெள்ளைச் சாறி உடுத்துக்கொண்டு பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் போனேன்.

இரண்டாம் வருசத்தில் மாதவிடாய் அடியோடு நின்றது. போட்டு ஒரு வருசமாகும்போது ஐந்து பேரில் ஒருவருக்கு இப்படி நிற்கிறதாம். மாமிக்கு விஷயம் தெரிந்ததும் அடுத்த கவலை தொடங்கியது. "ரெத்தம் வெளியால போகாட்டி உள்ளுக்குத் தங்கிக் கட்டியாகிரும் புள்ள. சூடு தலைக்கு ஏறும்." நான் அந்தப் படத்தைக் கீறினேன். மாதாமாதம் உள்சுவர் தடித்தால்தானே உரிந்து வரவேண்டும்? தடிக்கவே இல்லை மாமி, தங்குவதற்கு ஒன்றுமில்லை. மாமி படத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப சரி, எண்டாலும் வெந்தயம் குடி" என்றா. குடித்தேன், அதில் நட்டமில்லை.

ஒத்துக்கொள்ளாதவையும் உண்டு. தாடைப் பக்கம் பருக்கள், முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு பெட்டைப்பிள்ளை மாதிரி. முதல் வருசம் மார்பு கனத்து நொந்தது. மூன்றாம் வருசம் வலப்பக்க அடிவயிறு இழுத்ததில் ஸ்கேன் எடுத்தால் சூலகத்தில் சின்ன நீர்க்கட்டி. ஹோர்மோன் லூப் போட்டவர்களுக்கு இப்படி வருவதுண்டு, பெரும்பாலும் தானே கரையும் என்றார்கள். அடுத்த ஸ்கேனில் இருக்கவில்லை. நிறையும் கொஞ்சம் கூடியது. அதை லூப்பின் தலையில் போட எனக்கு மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை, பாடசாலைக் கன்டீன் வடைக்கும் அதில் பங்கிருக்கிறது.

மார்புப் புற்றுநோய் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: 2024 இல் டென்மார்க்கில் வந்த பெரிய ஆய்வொன்றில், ஐந்து வருசம்வரை இதைப் பாவித்தவர்களில் 10,000 பேருக்கு ஏறத்தாழ 14 பேர் மேலதிகமாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். சிறிய எண்ணிக்கை, ஆனால் பூச்சியமில்லை. மார்புப் புற்றுநோய் உள்ளவர்கள் இதைப் போடக்கூடாது. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் முதலே டொக்டரிடம் சொல்லுங்கள். பெண்களின் உடல்நலத்தைச் சோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கு நான் தவறாமல் போகிறேன், லூப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போகவேண்டிய இடந்தான் அது.

ஆபத்தானவற்றில் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். போடும்போது கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்துவிடுவது ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு நடக்கலாம், பால் கொடுக்கிற காலத்தில் இந்த ஆபத்து அதைவிடக் கூடுதல். மற்றது, லூப்போடு கர்ப்பம் தங்குவது மிக அரிது, தங்கினால் கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருக்கக்கூடும். ஆகவே கர்ப்பமோ என்ற சந்தேகத்தோடு ஒருபக்க அடிவயிற்று நோவு வந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். காய்ச்சலோடு அடிவயிறு நொந்து, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் வந்தாலும் அப்படித்தான். பாலியல் தொற்றுகளை இது தடுக்காது, அதற்குக் கொண்டம் மட்டுந்தான்.

பிறகு பிள்ளை வேண்டுமென்றால் பிள்ளை தங்காது என்பதும் கதைதான். எடுத்த கையோடு கருத்தரிக்கும் தன்மை திரும்புகிறது, எடுத்த ஒரு வருசத்துக்குள் பிள்ளைக்கு முயன்றவர்களில் ஏறத்தாழ 80 சதவீதமானோர் கர்ப்பமாகிறார்கள்.

இப்போது ஆறாவது வருசம். சில மாதங்களில் லேசாகக் கறை படத் தொடங்கியிருக்கிறது. குடும்பக்கட்டுப்பாட்டுக்கு எட்டு வருசம்வரை வைத்திருக்கலாம் என்று 2022 இல் அமெரிக்காவில் அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் கூடுதல் இரத்தப்போக்குக்கான வைத்தியம் என்ற கணக்கில் ஐந்து வருசந்தான். இந்த இரண்டு காலத்தையும் சேர்த்துக் குழப்பக்கூடாது. இரத்தம் பழையபடி திரும்பினால் எட்டு வருசத்துக்குக் காத்திருக்காமல் மாற்றச் சொல்லி என் டொக்டர் சொல்லியிருக்கிறார். இந்த விடுமுறையில் எச்பி பார்ப்பேன், 11க்குக் கீழே இறங்கியிருந்தால் புதிதாக ஒன்று போடுவதுதான் என் எண்ணம். போட்ட திகதியும் வகையும் எழுதிய அட்டை பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளோடு இருக்கிறது. அதைக் கேட்டு வாங்காமல் அந்த இடத்தைவிட்டு எழும்பாதீர்கள், நாளைக்கு வேறொரு டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.