ஜெர்பிலுக்கு எந்தப் படுக்கை? சிங்கப்பூர் ஈரத்தில் போட்டுப் பார்த்தவை

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, கண்ணாடித் தொட்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, எலிக்கு மெத்தை போட்டு வளக்குற அளவுக்கு வந்துட்டியா?" என்றார். மெத்தை இல்லைம்மா, தொட்டிக்குள் பரப்புகிற இதைப் பெட்டிங் (bedding) என்பார்கள் என்றேன். "பெட்டிங்னா சூதாட்டம்தானே?" என்று கேட்டுவிட்டு மறுபடி குனிந்தார். அப்புறம் சொன்னதுதான் விஷயம்: "நம்ம வயல்ல வரப்பைக் குடையுமே வெள்ளெலி, அச்சு அசல் அது மாதிரியே இருக்கு."

அம்மா சொன்னது சரி. நம் ஊர் வெள்ளெலியும், செல்லப் பிராணியாக வளர்க்கும் மங்கோலிய ஜெர்பில் என்ற இந்தச் சிறு எலியும் நெருங்கிய உறவு. இரண்டுக்கும் பிழைப்பு வளை தோண்டுவதுதான். மகள் கேட்டாளே என்று முத்து, மிளகு என இரண்டு ஜெர்பில்களை வாங்கி வந்து, படுக்கைக்கு எதைப் போடுவது என்று நான் முட்டி மோதிக்கொண்டிருந்த நாட்களில் இதை யாரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. கடையில் எல்லாப் பொட்டலமும் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன: நாற்றம் வராது, ஈரம் உறிஞ்சும், மெத்தென்று இருக்கும். மூன்றுமே வளர்ப்பவருக்கான வசதிகள். ஜெர்பிலுக்கு அது படுக்கையே இல்லை, மண். அதில் வளை தோண்டினால் நிற்குமா என்பதுதான் முதல் கேள்வி.

மங்கோலியப் புல்வெளியில் இவற்றின் கோடைக்கால வளை ஏறக்குறைய அரை மீட்டர் ஆழம். குளிர்கால வளை ஒன்றரை மீட்டர்வரை போவதுண்டு. உறங்க ஓர் அறை, தானியம் சேர்க்க ஓர் அறை, வெளியேற இரண்டு மூன்று வாய். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நமக்குத்தான். ஜெர்பில் குடும்பமாகவே வாழும், தனியாக விட்டால் வாடிவிடும். ஆகவே ஒரு வளையில் குறைந்தது இரண்டு பேருக்கு இடம் வேண்டும்.

படுக்கை போதாத தொட்டியில் ஜெர்பில் மூலையில் நின்று கண்ணாடியையே பறித்துக்கொண்டிருக்கும், மணிக்கணக்கில். கிறிஸ்டோஃப் வீடன்மாயர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எடுத்துக்கொண்டது. தோண்டுவதற்கு உலர்ந்த மணலை மட்டும் பெற்ற குட்டிகளுக்கு இந்தப் பழக்கம் வந்தது. சுரங்கமும் அதன் முடிவில் ஓர் அறையும் உள்ள செயற்கை வளையில் வளர்ந்தவற்றுக்கு வரவில்லை. அதாவது அவை தோண்டுவதற்காகத் தோண்டுவதில்லை. உள்ளே போய் ஒடுங்க ஓர் இடம் கிடைக்கும்வரை தோண்டுகின்றன. இதைப் படித்த பிறகு எல்லாப் படுக்கைகளையும் பார்க்கும் என் பார்வையே மாறியது.

இன்னொரு சங்கடம் எங்கள் ஊருடையது. ஜெர்பில் வறண்ட நாட்டுப் பிராணி. காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டினால் அதன் ரோமம் எண்ணெய் பூசியதுபோல ஒட்டிக்கொண்டு குத்திட்டு நிற்க ஆரம்பிக்கும். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதமோ 80 சதவீதத்துக்கு மேல். கலிஃபோர்னியாவில் ஜெர்பில் வளர்க்கவே தடை. தப்பித்துப் போனால் அங்கே உள்ள வறண்ட நிலத்தில் குடியேறிவிடும் என்ற பயம். இங்கே அந்தப் பயம் யாருக்கும் வேண்டியதில்லை. ஆனால் மேலைநாட்டுக்காரர்கள் எழுதும் படுக்கை ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது.

முதலில் கைக்கு வந்தது பைன் மரச்சீவல். ஜெர்பில்களை வாங்கிய கடையில் பெயர் ஒட்டாத பையில் கட்டிக் கொடுத்தார்கள். வாசனை ஆளைத் தூக்கியது. புது அலமாரி வந்த வீடு மாதிரி. அந்த வாசனைதான் வில்லன். பைன், சீடார் போன்ற மரங்களில் மணம் தரும் எண்ணெய்களும் அமிலங்களும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். சீடாரும் பைனும் கூண்டில் போட்ட எலிகளின் ஈரலில் மருந்தை உடைக்கும் நொதிகள் அதிகமாகின்றன என்பதை எலியட் வெஸல் என்ற மருந்தியல் ஆய்வாளர் 1967-இலேயே காட்டிவிட்டார். அந்தச் சீவலில் கிடந்தவை மயக்க மருந்து கொடுத்தும் சீக்கிரமாக விழித்துக்கொண்டன. சூளையில் நன்றாக உலர்த்திய பைனில் இந்தத் தொல்லை குறைவு, பலர் அதைத் தைரியமாகப் பயன்படுத்துகிறார்கள். பெயரில்லாத பையில் இருப்பது உலர்த்தியதா இல்லையா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? சீடார் என்றால் யோசிக்கவே வேண்டாம், எந்த வடிவிலும் கூடாது.

இரண்டே வாரத்தில் மிளகின் மூக்கைச் சுற்றிச் சிவப்பாகப் பொருக்குத் தட்டியது. ரத்தம் என்று நினைத்து மகள் அழுதாள். ரத்தம் இல்லை. ஜெர்பிலின் கண்ணுக்குப் பின்னே ஒரு சுரப்பி உண்டு. அதிலிருந்து வருவது செந்நிறமாகத்தான் இருக்கும். உடல் நலமாக இருந்தால் துடைத்து, முடியில் தடவிக்கொண்டு, மணலில் புரண்டு போக்கிவிடும். ஈரமோ, உறுத்தும் படுக்கையோ, மன உளைச்சலோ இருந்தால் அது மூக்கில் தேங்கிப் புண்ணாக்கும். மருத்துவர் மருந்து எழுதுவதற்கு முன்பே படுக்கையை மாற்றச் சொன்னார்.

அதன் பிறகு மிஞ்சிய நிஜமான போட்டி இரண்டுக்குள்தான்: ஆஸ்பென் சீவலும் காகிதப் படுக்கையும்.

ஆஸ்பென் பைனைப்போல ஊசியிலை மரம் அல்ல, பைனின் வாசனை எண்ணெய் அதில் கிடையாது. மூக்கை வைத்தால் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. விலையும் காகிதத்தைவிடக் குறைவு. ஆனால் சீவல்கள் வழுவழுப்பாக, சுருள் சுருளாக இருப்பதால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதில்லை. முத்து தோண்டிய சுரங்கம் காலையில் இருக்கும், மாலையில் வெறும் பள்ளமாகக் கிடக்கும். பொட்டலத்துக்குப் பொட்டலம் தூசியும் மாறுகிறது. சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே ஒரு கைப்பிடியை உயரத்திலிருந்து கொட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். புகை மாதிரி எழுந்தால் அந்தப் பை வேண்டாம்.

காகிதத்தில் இரண்டு வகை. கேர்ஃபிரெஷ் என்று விற்பதைப் போல, காகிதக்கூழை உதிரியாக்கியது ஒன்று. கேய்ட்டி நிறுவனத்தின் கிளீன் அண்ட் கோஸி போல வெள்ளையாக, பஞ்சுத் துணுக்காக இருப்பது இன்னொன்று. இரண்டையும் அழுத்திப் போட்டால் சுரங்கம் நிற்கும், ஆஸ்பென் பக்கத்திலேயே வர முடியாது. கூழ் உதிரி கொஞ்சம் கனமாக இருப்பதால் எனக்கு அதன்மேல் ஒரு சாய்வு உண்டு. ஊதா, இளஞ்சிவப்பு என்று சாயம் போட்டதை வாங்காதீர்கள். மிளகின் மூக்கிலிருந்து ஏதாவது கசிந்தால் வெள்ளையில்தான் உடனே கண்ணில் படும்.

காகிதத்தின் குறை வீட்டில் போட்ட பிறகுதான் தெரிந்தது. ஈரம் உறிஞ்சுவது நல்ல குணம் என்று பொட்டலம் சொல்கிறது. உண்மைதான், ஆனால் காற்றிலிருக்கும் ஈரத்தையும் அது விட்டு வைப்பதில்லை. டிசம்பர் மழையில் நாள் முழுக்கச் சன்னல் திறந்திருந்தால் மேற்பரப்பு நமத்துப்போன அப்பளம் மாதிரி ஆகிவிடுகிறது. ஆஸ்பென் அந்த மழையிலும் மொடமொடப்பை அவ்வளவாக விடுவதில்லை.

சரி, அவற்றையே கேட்டுவிடலாம் என்று ஒரு சோதனை வைத்தேன். தொட்டியின் நடுவே தடித்த அட்டையை நிறுத்தி, இடப்பக்கம் ஆஸ்பென், வலப்பக்கம் காகிதம். அட்டையின் மேல்புறம் மட்டும் ஒரு வழி. முதல் ராத்திரியே அட்டையைக் கடித்துத் துருவித் தள்ளிவிட்டார்கள். ஜெர்பில் வீட்டில் அட்டையைத் தடுப்பாக வைத்தவன் புத்திசாலி அல்ல. ஆனாலும் முடிவு கிடைத்தது. கூடு காகிதப் பக்கம், கடித்த அட்டையையே உள்ளே மெத்தையாகப் போட்டு. ஆஸ்பென் பக்கம் ஓடி விளையாடவும் மூத்திரம் போகவும் மட்டும். காகிதத்துக்குள் போன சுரங்கம் ஒரு வாரத்துக்கு மேல் நின்றது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மக்காச்சோளத் தக்கையை உடைத்த துகள்: சுரங்கம் நிற்காது, ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், தின்றால் குடலை அடைக்கலாம். தேங்காய் நார்த்தூள்: ஈரமாக இருந்தால்தான் கட்டியாகப் பிடிக்கும், ஈரம்தான் நமக்கு ஆகாது, காய்ந்தால் ஒரே தூசி. பழைய செய்தித்தாளைக் கிழித்துப் போடுவது செலவில்லாத வழி, அவசரத்துக்கு நானும் தமிழ் முரசைப் போட்டிருக்கிறேன். உறிஞ்சுவது குறைவு, நாலே நாளில் நாற்றம். பளபளப்பான விளம்பரத் தாள் வேண்டவே வேண்டாம். பூனைக்கான, கட்டி சேரும் மணல் ஆபத்து. கூட்டுக்கு என்று விற்கும் பஞ்சு அதைவிட ஆபத்து. இழை காலில் சுற்றிக்கொள்ளும், வயிற்றுக்குள் போனால் வெளியே வராது. வாசனையில்லாத கழிப்பறைத் தாள் நாலு துண்டு போதும், அவையே நார் நாராகக் கிழித்துக்கொள்ளும்.

மணல் தனிக்கதை. முழுத் தொட்டிக்கும் உலர் மணல் என்றால் சுரங்கம் சரியும், தொட்டியும் தூக்க முடியாத கனமாகிவிடும். ஆனால் ஒரு கிண்ணத்தில் மணல் கட்டாயம் வேண்டும், புரண்டு குளிக்க. சின்சில்லா என்ற இன்னொரு வளர்ப்புப் பிராணிக்கு விற்கும் மாவு போன்ற தூளைப் போடாதீர்கள், மூச்சுக்குழலுக்குக் கேடு. மணல் மணலாகவே இருக்க வேண்டும்.

இப்போது என் வீட்டில் இருப்பது ஒரு கலவை. காகிதம் இரண்டு பங்கு, ஆஸ்பென் ஒரு பங்கு, நடுநடுவே திமோத்தி உலர்புல். புல் செய்யும் வேலை, மண்சுவரில் வைக்கோல் செய்யும் வேலைதான். கலவை அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு கையளவு உயரம் கொட்டி, அழுத்தி, புல்லைப் பரப்பி, மறுபடி கொட்டி அழுத்த வேண்டும். பிறகு கையை முழங்கைவரை உள்ளே விட்டு மெல்ல உருவிப் பாருங்கள். துளை அப்படியே நின்றால் சரி, மூடிக்கொண்டால் புல் போதவில்லை.

எவ்வளவு வாங்குவது என்பதில்தான் முதல் தடவை ஏமாந்தேன். தொட்டி 90 செண்டிமீட்டர் நீளம், 45 அகலம். 30 செண்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்ப 121 லிட்டர் வேண்டும். பொட்டலத்தில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, உதிர்த்து உப்ப வைத்த அளவு. அழுத்தும்போது குறைந்துவிடும். அறுபது லிட்டர்ப் பை இரண்டு போதும் என்று போனவன் மறுநாளே மூன்றாவதுக்குப் போனேன். இவ்வளவு செலவு கட்டாது என்றால் காகிதத்தைச் சன்னமாகப் போட்டுவிட்டு, வெளிச்சம் புகாத ஒரு குழாயைச் சாய்வாகப் புதைத்து, அதன் முடிவில் ஒரு மரப்பெட்டியை வைத்துவிடுங்கள். வீடன்மாயர் காட்டியது அதுதானே. என் கணக்கில், ஆழமில்லாமல் போட்ட உயர்தரக் காகிதத்தைவிட இந்தக் குழாயும் பெட்டியும் மேல்.

பராமரிப்பில் ஜெர்பில் நம்மைக் கஷ்டப்படுத்தாது. பாலைவனத்துச் சிக்கனம்: மூத்திரம் சொட்டுக் கணக்கு, புழுக்கை காய்ந்த சீரகம் மாதிரி. வாரம் ஒருமுறை மணலைச் சலித்து, நனைந்த மூலையை அள்ளி, ஒளித்து வைத்த காய்கறித் துண்டு இருந்தால் எடுத்துவிட்டால் போதும். ஐந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை மட்டும் மாற்றுகிறேன்.

முழுவதையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரு சனிக்கிழமை எனக்குச் சுத்தம் தலைக்கேறி, எல்லாவற்றையும் கொட்டி, தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி, புதிதாய் நிரப்பினேன். ஜெர்பிலின் வயிற்றில் ஒரு வாசனைச் சுரப்பி இருக்கிறது. அதைத் தேய்த்துத்தான் இது என் வீடு, இவன் என் ஆள் என்று எழுதி வைக்கிறது. நான் அத்தனையையும் அழித்துவிட்டேன். சாயங்காலம் இரண்டும் துரத்திக்கொண்டு, ஒரே பந்தாய் உருண்டன. தடித்த கையுறை போட்டுப் பிரித்து, நடுவில் கம்பி வலை வைத்து, தினமும் பக்கம் மாற்றி, சேர்த்து வைக்கப் பத்து நாளானது. இப்போதெல்லாம் பழைய கூட்டைத் தொடுவதே இல்லை.

தண்ணீர்ப் புட்டியையும் கவனியுங்கள். தோண்டித் தள்ளும் படுக்கை குவிந்து புட்டியின் மூக்கைத் தொட்டால், காகிதம் திரிபோல உறிஞ்சி, ராத்திரியோடு புட்டி காலி. எங்களுக்கு அப்படி நடந்து, மூன்றாம் நாள் அடியிலிருந்த புல்லில் பச்சையாகப் பூஞ்சை. உயரமான மரத்தட்டு ஒன்று வைத்துப் புட்டியை அதன்மேல் மாட்டிய பிறகு தொல்லையில்லை. ஈரப்பதமானி ஒன்றும் தொட்டியோடு இருக்கிறது. ஏர்கான் ஓடும் அறைக்குத் தொட்டியை மாற்றியும் 55-க்குக் கீழே இறக்குவது பெரும்பாடு. முள் 65-ஐத் தொட்டால் ஈரம் உறிஞ்சும் கருவியையும் போட்டுவிடுகிறேன். புதுப் பொட்டலம் வந்ததும் பங்கு பங்காகப் பிரித்து இரண்டு நாள் உறைபெட்டியில் வைத்து எடுப்பேன், பூச்சி ஏதும் இருந்தால் செத்துவிடும். இதற்காக மனைவியின் மீன் டப்பாக்கள் இடம்பெயர்வது பற்றி வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

அள்ளிய பழைய படுக்கையைக் கழிப்பறையில் போட்டுவிடாதீர்கள், காகிதக்கூழ் உப்பிக் குழாயை அடைத்துக்கொள்ளும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பையில் இறுக்கிக் கட்டிக் குப்பைக் குழாயில் போடுவதுதான் முறை. போன தடவை பாதியை அம்மா பிடுங்கிக்கொண்டார். தாழ்வாரத்துக் கறிவேப்பிலைத் தொட்டியில் அதைக் கொத்திப் போட்டுவிட்டு, "இதுக்காவது நல்ல மெத்தையா இருக்கட்டும்" என்றார்.