குதிரையை நடக்கவிடாமல் சேணம் பொருத்துபவர்களிடம் எச்சரிக்கை

எங்கள் லாயத்துக் குதிரை ஒன்றுக்குச் சேணம் பொருத்த வந்தவர் செய்துவிட்டுப் போன வேலையை இங்கே பதிவு செய்கிறோம். இதே முறையில் வேலை செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் ஆளைவிட முறையைத் தெரிந்துகொள்வதே உங்களுக்குப் பயன்படும்.

தீனி தின்று கொண்டிருந்த குதிரையின் மேல் சேணத்தை வைத்தார். சேணத்தின் முன்பக்க வளைவான முன்மேட்டுக்கு அடியில் மூன்று விரல் நுழைந்ததும் "கச்சிதம்" என்றார். வயிற்றைச் சுற்றிக் கட்டும் கச்சையை இறுக்கவில்லை, ஆளை ஏற்றவில்லை, குதிரையை ஓரடி நடத்திப் பார்க்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இதில் இரண்டு தவறு. குதிரை தலையைத் தாழ்த்தும்போது கழுத்திலிருந்து முதுகு நெடுக ஓடும் தசைநார் இழுபட்டு முதுகு மேலெழும். தலையைத் தூக்கியதும் இறங்கும். தின்னும்போது பார்த்த பொருத்தம் சவாரிக்குச் செல்லாது. அடுத்தது, சேணத்தைத் தோள்பட்டை எலும்பின் மேலேயே வைத்துவிட்டார். அங்கே வைத்தால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். சேணத்துக்குள் இருக்கும் விறைத்த கூடான சட்டம் அளவுக்கு மீறி அகலமாக இருந்தாலும் விரல் தாராளமாக நுழையும். நாலு எட்டு வைத்ததும் சேணம் பின்னால் நகர்ந்து தன் இடத்தில் உட்காரும். அப்போதுதான் உண்மை தெரியும்.

அங்கும் அப்படித்தான் ஆனது. முன்மேடு இறங்கியது. ஏறியவரின் இடுப்பு முன்னால் சாய்ந்தது, கால் பின்னால் போனது, முழங்கால் கவ்வியது, கை கழுத்தில் ஊன்றியது. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. அதன் நெஞ்சுக்கூட்டை முன்னங்கால்களுக்கு நடுவே தசைகள்தான் தாங்கித் தொங்கவிட்டிருக்கின்றன. முன்பக்கம் பாரம் கூடினால் நெஞ்சு தாழும், தலை தூக்கும், முதுகு குழியும். அப்படியே ஓடிக்கொண்டிருந்தால் கழுத்தும் முதுகும் சேரும் தோள்மேட்டுக்குப் பின்னால் இருபுறமும் சதை வற்றிப் பள்ளம் விழும். பள்ளம் விழுந்தால் அகலச் சட்டம் இன்னும் இறங்கும்.

முறையிட்டபோது வந்த பதில்: "சவாரி செய்பவர் முன்னால் சாய்கிறார், உட்காரக் கற்றுக்கொடுங்கள்." இந்தப் பதிலைத்தான் மிகவும் கண்டிக்கிறோம். முன்னால் தள்ளும் இருக்கையில் வலிந்து நிமிர்ந்தால் இடுப்பு விறைத்து, குதிரையின் ஒவ்வொரு எட்டிலும் முதுகில் இடிக்கும். குற்றம் யாருடையது என்று பிரித்துப் பார்ப்பது கடினமில்லை. சேணத்தின் அடியில் முதுகில் படும் மெத்தைகளான பேனல்களின் முன்பகுதிக்கு அடியில் இருபுறமும் ஒரு செ.மீ. கனத்துக்குச் சமமாகத் துணி மடித்து வைத்து, அதே ஆளை அதே வட்டத்தில் ஓட்டிப் பாருங்கள். ஆள் தானாக நிமிர்ந்து குதிரையின் எட்டும் நீண்டால் குற்றம் சேணத்தில். வேறு பொருத்தமான சேணத்திலும் அவர் அதேபோல் சாய்ந்தால் பயிற்சி தேவைப்படுவது அவருக்கு.

இரண்டாம் முறை வந்து அவர் விற்றது சேணத்துக்கு அடியில் விரிக்கும் ஒரு தடித்த பேட். முன்னும் பின்னும் ஒரே கனமுள்ள பேட் மொத்தச் சேணத்தையும் தூக்குமே தவிர, சாய்வை மாற்றாது. ஆள் உயரத்தில் உட்காருவதால் சேணம் உருளும்; உருளுகிறதே என்று கச்சையை இன்னும் இறுக்குவார்கள். சட்டம் குறுகலாக இருந்தால் பேட் இன்னும் மோசம்: இறுகிய செருப்புக்குள் இன்னொரு காலுறை போட்ட மாதிரி.

சேணம் வலப்பக்கம் நழுவியதற்கு அந்தப் பக்கப் பேனலில் கம்பளியைத் திணித்தார். நழுவல் எப்போதும் சேணத்தின் கோளாறு அல்ல. ஆள் ஒருபக்கமாக உட்காரலாம். இடப்பக்கமிருந்தே ஏறி ஏறி கால் வைக்கும் இடது அங்கவடியின் வார் நீண்டிருக்கலாம்; இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். பின்னங்கால் நொண்டலாலும் சேணம் நழுவும், பெரும்பாலும் நொண்டும் காலின் பக்கமே. 2013-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. வலியை ஊசியால் மரக்கச் செய்ததும் நழுவல் நின்றது. வெறும் கண்ணுக்குப் படாத லேசான நொண்டலாகவும் இருக்கலாம். ஆகவே ஆளை மாற்றியும் ஒரே பக்கம் நழுவினால், கம்பளிக்கு முன்னால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஒழுங்காகச் செய்பவர் முதலில் வெறும் முதுகைப் பார்ப்பார். சமதரையில் நாலு காலும் சதுரமாக, தலை இயல்பான உயரத்தில். பின்னாலிருந்து இரு தோளும் சமமா என்று பார்த்து, முதுகை விரலால் அழுத்தி, எங்கே சுளிக்கிறது என்று குறித்துக்கொள்வார். பிறகு துணியில்லாமல் சேணத்தை வைப்பார். சட்டத்தின் முனை தோள்பட்டை எலும்பின் பின்விளிம்புக்கு இரண்டு, மூன்று விரல் பின்னால் நிற்க வேண்டும். முன்னங்கால் நீளும்போது அந்த எலும்பின் மேல்முனை பின்னோக்கிச் சுழலும். பேனல் கடைசி விலா எலும்பைத் தாண்டவே கூடாது; அதற்கப்பால் இடுப்புப் பகுதியைத் தாங்க விலா கிடையாது. இரு பேனல்களுக்கும் இடையே உள்ள நடுக்கால்வாய் நெடுகிலும் மூன்று, நான்கு விரல் அகலம் வேண்டும். பேனலுக்கு அடியில் உள்ளங்கையை முன்னிருந்து பின் வரை ஓட்டினால் அழுத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் கை தளர்ந்தால், பாரமெல்லாம் நாலு மூலையில் இறங்குகிறது என்று பொருள்.

இருக்கையில் ஓர் உருண்டைப் பென்சிலை வைத்தால் அது நடுவில் நிற்க வேண்டும். முன்னோடினாலும் பின்னோடினாலும் ஆளும் அப்படியே போவார். கடைசியில் கச்சை கட்டி, வழக்கமாக ஓட்டுபவரையே ஏற்றி, நடை, துள்ளுநடை, பாய்ச்சல் மூன்றையும் இரு திசையிலும் பார்க்க வேண்டும். முன்மேட்டுக்கும் தோள்மேட்டுக்கும் உள்ள இடைவெளியை ஆள் மேலிருக்கும்போதே மறுபடி அளக்க வேண்டும். இறக்கியதும் வியர்வைத் தடம்: ஈரத்துக்கு நடுவே உலர்ந்த திட்டு இருந்தால் அங்கே அளவுக்கு மீறி அழுத்தம் விழுகிறது, இல்லையேல் பேனல் படவே இல்லை. கையால் தடவினால் எது என்று தெரியும். வெள்ளை முடி முளைத்திருந்தால் அது பழைய காயம்.

சதை வற்றிய குதிரைக்கு இன்றைய பள்ளத்துக்கு ஏற்பக் குறுகிய சட்டம் வாங்காதீர்கள். தேறும்போது அதுவே நெரிக்கும். தோளுக்கு ஏற்ற அகலத்தில் வாங்கி, பள்ளத்தை முன்பக்கச் செருகல்களால் நிரப்பி, சதை ஏற ஏற ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். அதுவரை சில வாரங்களுக்கு ஒருமுறை முதுகின் வளைவை வளையும் அளவுகோலால் எடுத்துத் தாளில் வரைந்து, தேதி போட்டு வையுங்கள்.