66 மஸ்டாங்கா, 67 கமாரோவா?

ஃபோர்டு மஸ்டாங் 1964 ஏப்ரலில் சந்தைக்கு வந்தது. செவர்லே கமாரோவை இறக்கும்போது 1966 செப்டம்பர் ஆகிவிட்டது. இந்த அலசலுக்கு எடுத்துக்கொண்டவை, 289 கன அங்குல எஞ்சின் போட்ட 1966 மாடல் மஸ்டாங்கும் 327 கன அங்குல எஞ்சின் போட்ட 1967 மாடல் கமாரோவும். இரண்டிலும் நான்கு பேரல் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து நான்கு துளை வழியாக எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்). ஓட்டுவதற்குக் கமாரோ, வைத்துப் பராமரிக்க மஸ்டாங் என்பது என் கட்சி. அதிலும் ஒரு ஆனால் உண்டு.

மஸ்டாங்குக்கு 225 குதிரைத்திறன், கமாரோவுக்கு 275. இரண்டுமே அந்தக் காலத்து ‘கிராஸ்’ கணக்கு. காரின் சைலன்சர், ஏர் ஃபில்டர் எதுவும் மாட்டாமல் எஞ்சினைத் தனியே ஓட்டி அளந்தது, அதனால் இன்றைய கார்களோடு ஒப்பிட வேண்டாம். ஆனாலும் 327-இன் இழுவை காலை வைத்ததுமே தெரியும். இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் மாட்டிய கமாரோ என்றால் பாதி சுகம் போச்சு; மஸ்டாங்கின் சி4 ஆட்டோமேட்டிக்கில் மூன்று கியர். இன்னொன்று, 67 கமாரோவின் பின் லீஃப் ஸ்பிரிங்கில் (பின் ஆக்சிலைத் தாங்கும் பட்டை வில்) ஒரே ஒரு பட்டைதான். வேகமாகக் கிளப்பினால் ஆக்சில் முறுக்கிக்கொண்டு சக்கரம் தத்தும். 68-இல் சக்தி கூடிய மாடல்களுக்குப் பல பட்டை கொடுத்தார்கள்.

பராமரிப்பில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பாருங்கள். ஃபோர்டில் அது எஞ்சினுக்கு முன்னால், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. செவர்லேயில் பின்னால், எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் ஃபயர்வாலை ஒட்டி. ஃபெண்டர் மேல் குப்புறப் படுத்துத்தான் தொட வேண்டும். ஆனால் அதன் மூடியில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. எஞ்சின் ஓடும்போதே அதைத் தூக்கி, ஆலன் சாவியை விட்டுப் பாயிண்டை (தீப்பொறிக்காக மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) சரிசெய்யலாம். ஃபோர்டில் மூடியைக் கழற்றி, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி பார்த்து, திரும்ப மாட்டணும்.

சரி, அந்த ஆனால்? துரு. மஸ்டாங்கின் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரம் வழியாக இறங்கும் தண்ணீர் உள்ளேயே தங்கித் தகட்டை அரிக்கும். வாங்கும் முன் அங்கே ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். தரை நனைந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், குறைக்காவிட்டால் கிளம்புங்கள். அந்தத் துவாரத்தின் மேல்தகட்டை எடுக்க ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைக்க வேண்டும், கூலி எகிறும். கமாரோ துருப்பிடிக்காது என்றில்லை. பின்கண்ணாடியின் அடி விளிம்பு அரித்து டிக்கிக்குள் தண்ணீர் போகும். எஞ்சினைத் தாங்கும் முன்பக்க சப்ஃபிரேம் தனியாக ரப்பர் புஷ் வைத்து போல்ட் போட்டது என்பதால், அந்த ரப்பர் நைந்தால் மாற்றிவிடலாம்.

பிரேக்கில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை. 66 மஸ்டாங்கில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் சுற்று, ஒரு குழாய் வெடித்தால் பெடல் தரைக்குப் போய்விடும். 67 கமாரோவில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்று. மஸ்டாங் வாங்கினால் முதல் செலவாக, இரண்டு சுற்றுக்கும் தனித்தனியே அழுத்தம் கொடுக்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரைப் போட்டுவிடுங்கள், குரோம், பெயின்ட் எல்லாம் அப்புறம்.