டாட் காமா, டாட் கோவா, டாட் ஏஐயா: புள்ளிக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்காரர்

சிறு நிறுவனம் நடத்தும் நண்பர் ஒருவர், தொலைபேசியில் வாடிக்கையாளருக்குத் தன் மின்னஞ்சல் முகவரியைச் சொல்லிக்கொண்டிருந்தார். "டாட் கோ. காம் இல்லை. சி, ஓ, அவ்வளவுதான். எம் போடாதீர்கள்." மறுமுனையில் ஏதோ கேள்வி. "ஆமாம், எம் கிடையாது." பத்து நிமிடத்தில் அதே வாடிக்கையாளர் மீண்டும் அழைத்தார். அனுப்பிய அஞ்சல் திரும்பி வந்துவிட்டதாம். முகவரியை எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொன்னால், கடைசியில் எம் உட்கார்ந்திருந்தது. திரும்பி வந்தவரை அதிர்ஷ்டம். அந்த டாட் காம் பெயருக்கு வேறொருவர் அஞ்சல் பெட்டி வைத்திருந்தால், ஒப்பந்த விவரமெல்லாம் நேரே அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

இணைய முகவரியில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் காம், கோ போன்றவைதான் பின்னொட்டுகள். அவற்றை ஒப்பிடும்போது நான் இரண்டே கேள்விகள்தான் கேட்பேன். காதால் கேட்டவர் அதைச் சரியாகத் தட்டச்சு செய்வாரா? அந்தப் பின்னொட்டின் வீட்டுக்காரர், அதாவது அதை நடத்துபவர், யார்? டொமைன் பெயரை, அதாவது பின்னொட்டோடு சேர்ந்த இணைய முகவரிப் பெயரை, யாரும் சொந்தமாக வாங்குவதில்லை. ஆண்டுக் கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம். காம், நெட் போன்ற பொதுப் பின்னொட்டுகளில் ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகள்.

முதல் கேள்வியில் டாட் காமை வெல்ல ஆளில்லை. 1985 மார்ச் 15 அன்று சிம்பாலிக்ஸ் என்ற கணினி நிறுவனம் முதல் டாட் காம் பெயரைப் பதிவு செய்தது. அன்று தொடங்கிய பழக்கம் இன்று விரல் நுனியில் ஊறிவிட்டது. பெயரைச் சொன்னால் காம் தானாக ஒட்டிக்கொள்கிறது. வீட்டுக்காரரும் ஓரளவு கட்டுப்பட்டவர்தான். டாட் காமை நடத்தும் வெரிசைன், பெயர் பதிவு செய்து தரும் நிறுவனங்களிடம் தான் வாங்கும் மொத்த விற்பனை விலையை நினைத்தபடி ஏற்ற முடியாது. ஒவ்வொரு ஆறாண்டு ஒப்பந்தக் காலத்திலும் கடைசி நான்கு ஆண்டுகளில் மட்டும், ஆண்டுக்கு 7 சதவீதம் வரை உயர்த்தலாம். குறை ஒன்றுதான்: நல்ல குட்டிப் பெயர்களெல்லாம் எப்போதோ போய்விட்டன, மறுவிற்பனையில் கேட்கும் விலை தலைசுற்ற வைக்கும். அப்போதும் என் வாக்கு, பெயரோடு தொழிலைக் குறிக்கும் ஒரு சொல்லைச் சேர்த்து டாட் காமிலேயே எடுப்பதற்குத்தான். நடுவில் இணைப்புக்கோடு மட்டும் வேண்டாம். தொலைபேசியில் அதைச் சொல்லிப் பார்த்தால் காரணம் புரியும்.

டாட் கோ உண்மையில் கொலம்பியா நாட்டின் பின்னொட்டு. 2010இல் உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஓவர்ஸ்டாக் என்ற அமெரிக்க இணைய வணிக நிறுவனம் தன்னை 'ஓ டாட் கோ' என்று விளம்பரப்படுத்தியது. ஓக்லண்டில் ஒரு விளையாட்டரங்கத்துக்கே அந்தப் பெயரைச் சூட்டிப் பார்த்தார்கள். விளம்பரம் பார்த்தவர்களோ 'ஓ டாட் காம்' என்று தட்டினார்கள். அப்படியொரு தளமே கிடையாது. நிறுவனம் பழைய பெயருக்கே திரும்பியது. அவ்வளவு பணத்தைக் கொட்டியவர்களாலேயே மக்களின் விரலை மாற்ற முடியவில்லை.

நெட், ஆர்க் இரண்டையும் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. நெட் என்றால் 'காம் கிடைக்கவில்லை போலிருக்கிறது' என்றே பலர் எண்ணுவார்கள். ஆர்க் தொண்டு நிறுவனங்களின் அடையாளம். லாபம் பார்க்கும் கடைக்கு அது பொருந்தாத சட்டை.

இரண்டாவது கேள்வி சூடு பிடிப்பது ஐஓ, ஏஐ விஷயத்தில்தான். இரண்டு ஆங்கில எழுத்துப் பின்னொட்டு என்றால், பெரும்பாலும் அதன் பின்னால் ஒரு நாடோ ஆட்சிப்பகுதியோ நிற்கும். மென்பொருள்காரர்கள் விரும்பி எடுக்கும் ஐஓ, பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்துக்கு உரியது. அங்குள்ள சாகோஸ் தீவுகளை மொரிஷியஸிடம் ஒப்படைப்பதாக பிரிட்டன் 2024 அக்டோபரில் அறிவித்து, 2025 மே மாதம் ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டது. ஒரு பிரதேசத்தின் இரண்டெழுத்துக் குறியீடு, நாட்டுக் குறியீடுகளின் சர்வதேசப் பட்டியலிலிருந்து நீங்கினால், அதன் பின்னொட்டும் படிப்படியாக மூடப்படலாம். யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யு 2010இல் அப்படித்தான் மறைந்தது. மறுபக்கம், சோவியத் ஒன்றியம் கலைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் டாட் எஸ்யு உயிரோடிருக்கிறது. ஐஓ நாளைக்கே போய்விடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் நிறுவனத்தின் பெயர்ப்பலகை ஏதோ இரு நாடுகளின் பேச்சுவார்த்தையில் தொங்குவது தேவைதானா?

ஏஐ, கரீபியன் தீவான அங்குவிலாவுக்குச் சொந்தம். செயற்கை நுண்ணறிவு அலையில் அந்தச் சின்னஞ்சிறு தீவின் அரசுக்கு இது பெரிய வருமானமாகிவிட்டது. குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்குப் பதிவு செய்ய வேண்டும், விலையும் அதிகம். தொழிலே செயற்கை நுண்ணறிவு என்றால் கொடுக்கலாம். வேறு தொழிலுக்கு இது இந்த ஆண்டின் நாகரிக உடை.

வீட்டுக்காரர் கறாரானால் என்ன ஆகும்? 2010இல் லிபியா, தன் டாட் எல்ஒய்யில் இருந்த, நீளமான இணைய முகவரிகளைச் சுருக்கித் தரும் ஒரு தளத்தின் பெயரை, உள்ளடக்கம் தன் சட்டத்துக்கு ஒவ்வாது என்று பறித்துக்கொண்டது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும், பிரிட்டன் முகவரியை வைத்து ஒன்றியத்தின் பின்னொட்டான டாட் இயு எடுத்திருந்தவர்கள் பலர் அதை இழந்தார்கள். அதற்காக நாட்டுப் பின்னொட்டே ஆகாது என்று சொல்ல வரவில்லை. வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒரே நாட்டில் இருந்து, உங்கள் நிறுவனமும் அங்கேயே பதிவாகியிருந்தால், அந்த நாட்டின் பின்னொட்டு டாட் காமுக்குச் சமமான தேர்வு; கூகுளும் அதை அந்த நாட்டுத் தளம் என்றே எடுத்துக்கொள்ளும். மற்றபடி, பின்னொட்டை மாற்றினால் தேடலில் மேலே வந்துவிடலாம் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

2012க்குப் பிறகு வந்த புதிய பின்னொட்டுகள் ஆயிரத்துக்கு மேல். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டே டாட் எக்ஸ்ஒய்இசட்டில் குடியிருக்கிறது. டாட் ஆப், டாட் டெவ் இரண்டிலும் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாமல் தளத்தைப் பிரவுசர் திறக்கவே திறக்காது, அது நல்லதுதான். சிக்கல் வாடகையில் இருக்கிறது. முதல் ஆண்டு கொசுறு விலை, இரண்டாம் ஆண்டு முழு விலை. பெரும்பாலான புதிய பின்னொட்டுகளில் விலையேற்றத்துக்கு உச்சவரம்பே இல்லை. ஆறு மாதம் முன்னதாக அறிவிப்பு கொடுத்தால் போதும். 2017இல் யூனிரெஜிஸ்ட்ரி நிறுவனம் தன் பின்னொட்டுகள் சிலவற்றின் விலையைப் பல மடங்கு ஏற்றியது. ஆகவே, வாங்கும் முன் புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். மலிவான பின்னொட்டுகளில் மோசடிக்காரர்களும் அக்கம்பக்கத்தில் குடியிருப்பதால், உங்கள் அஞ்சல் ஸ்பேமில் விழும் வாய்ப்பும் கூடுதல்.

தமிழ் எழுத்திலேயே இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்று மூன்று பின்னொட்டுகள் இருக்கின்றன. பார்க்க மனம் நிறைகிறது. ஆனால் பல இணையப் படிவங்கள் அவற்றில் அமைந்த மின்னஞ்சல் முகவரியை இன்னும் ஏற்பதில்லை. எனவே இரண்டாவது பெயராக வைத்துக்கொள்ளலாம்.

நண்பர் பெயரோடு ஒரு சொல் சேர்த்து டாட் காம் வாங்கிவிட்டார். டாட் கோவையும் விடாமல் புதுப்பித்து வருகிறார். அதைக் காலாவதியாக விட்டால் வேறொருவர் எடுத்துக்கொண்டு, பழைய முகவரிக்கு வரும் அஞ்சல்களை உட்கார்ந்து படிக்கலாமே. பழைய வாடிக்கையாளர்களில் இருவர் இன்னும் அதற்குத்தான் எழுதுகிறார்கள், எம் இல்லாமல், மிகச் சரியாக.