காஸ்பல் லைப்ரரி செயலி: அடிக்குறிப்பைத் திறக்காமல் மூடாதீர்கள்

அமெரிக்காவில் பிறந்த ஒரு கிறிஸ்தவ சபையினரான மார்மன்களைப் பற்றி வெளியே கிடைப்பதில் பாதி பழங்கதை, மீதி கேலி. அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டுமானால் முதலில் திறக்க வேண்டியது இந்தச் செயலியைத்தான். அவர்களுடைய பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை வெளியிடுவது. ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் இலவசம். படிக்க மட்டும் என்றால் கணக்கு தேவையில்லை. கோடிட்ட வரிகளும் எழுதிய குறிப்புகளும் வேறு கருவியிலும் தெரிய வேண்டுமானால் சபையின் தளத்தில் கணக்கு தொடங்க வேண்டும். அதற்கு உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை.

மொழியை மாற்றினால் உள்ளே இருக்கும் நூலகமும் மாறும். ஆங்கிலத்தில்தான் சரக்கு அதிகம். கீழே சொல்பவை அதை வைத்துத்தான். தேடும்போது ஒரு சிக்கல் வரும். 2018ல் சபைத் தலைவர் ரசல் நெல்சன், 'மார்மன்' என்ற பட்டப்பெயரை விட்டுவிட்டு முழுப் பெயரைச் சொல்லச் சொன்னார். சபையின் புகழ்பெற்ற பாடகர் குழுகூட அந்த ஆண்டே பெயரை மாற்றிக்கொண்டது. அதனால் அந்தச் சொல்லை மட்டும் போட்டுத் தேடினால் புதிய கட்டுரைகள் பல தவறிவிடும். பொருளை வைத்துத் தேடுங்கள்.

செயலியின் உண்மையான மதிப்பு, 2013 முதல் 2015 வரை வெளியான சுவிசேஷத் தலைப்புக் கட்டுரைகளில் (Gospel Topics Essays) இருக்கிறது. பலதார மணம், சபையின் மறைநூலான மார்மன் புஸ்தகத்தின் மொழிபெயர்ப்பு, டி.என்.ஏ. ஆய்வு, இனமும் ஆசாரியத்துவமும் (சபையில் ஆண்களுக்குத் தரப்படும் சமய அதிகாரம்) என்று வாதம் சூடுபிடிக்கும் இடங்களையெல்லாம் தொடுகின்றன. முகப்பில் இவை கண்ணில் படாது. தலைப்பைத் தேடித்தான் எடுக்க வேண்டும். எழுதியவர் பெயர் எதிலும் இல்லை என்பது பெரிய குறை. இன்னொன்று, கனமான செய்தி அடிக்குறிப்பில் ஒதுங்கிக் கிடக்கும். சபை தொடக்கத்தில் தங்கிய கர்ட்லண்ட், நாவூ நகரங்களின் காலப் பலதார மணம் பற்றிய கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் மனைவியர் 30க்கும் 40க்கும் இடையில் என்ற மதிப்பீடு 24ஆம் அடிக்குறிப்பில் இருக்கிறது. கைபேசியில் அந்தச் சிறிய எண்ணைத் தட்டாமல் போனால், கட்டுரையை முழுதாகப் படித்தும் அந்தக் கணக்கு தெரியாது.

அடிக்குறிப்பைத் திறப்பது முதல் பழக்கம். இரண்டாவது, தேதி பார்ப்பது. சபையின் இன்னொரு மறைநூலான 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' நூலின் கடைசியில் உள்ள அதிகாரபூர்வ அறிவிப்பு 2தான், கறுப்பினத்தவருக்கு ஆசாரியத்துவம் மறுக்கப்பட்ட நிலையை 1978ல் நீக்கியது. 2013 பதிப்பில் அதற்குச் சேர்த்த முன்னுரை, அந்த வழக்கம் எப்படித் தொடங்கியது என்பதற்குச் சபை ஆவணங்களில் தெளிவான விளக்கம் இல்லை என்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த கட்டுரையோ 1852ல் அப்போதைய சபைத் தலைவர் பிரிகாம் யங் தடையை அறிவித்ததைச் சொல்லி, அதற்குக் கற்பிக்கப்பட்ட பழைய காரணங்களைச் சபை இன்று ஏற்கவில்லை என்று கைவிடுகிறது. இரண்டும் ஒரே செயலியில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டி வாதாடுகிறவரை நம்ப வேண்டாம்.

ஆண்டுக்கு இருமுறை தலைவர்கள் பேசும் பொது மாநாட்டின் உரைகள் 1971லிருந்து கிடைக்கின்றன. ஊரெல்லாம் சொல்லும் 'விதி' எங்கே பிறந்தது என்று பார்க்க இது அருமையான கருவி. அமெரிக்காவில் பெரியவர்களுக்கான 'ஆர்' தரச்சான்று பெற்ற படங்களைப் பார்க்கக் கூடாது என்ற பேச்சை 1986 ஏப்ரலில் அப்போதைய சபைத் தலைவர் எஸ்ரா டாஃப்ட் பென்சன் இளைஞர்களுக்கு ஆற்றிய உரையில் பார்க்கலாம். சபையின் இளைஞர் கையேட்டின் 2022 பதிப்பு இப்படிப் பட்டியல் போடுவதைக் குறைத்து, கொள்கையைச் சொல்லி முடிவை இளைஞரிடமே விடுகிறது. ஆனால் எச்சரிக்கை: பேசியதும் அச்சானதும் எப்போதும் ஒன்றல்ல. 2010 அக்டோபரில் சபையின் மூத்த தலைவர் பாய்ட் பேக்கர் ஆற்றிய உரையில் 'இயல்புகள்' என்ற பொருளில் வந்த சொல், அச்சில் 'சோதனைகள்' என்ற பொருளுக்கு மாறியது. ஒரு கேள்வி வாக்கியமே காணாமல் போனது. முக்கியமான உரை என்றால் எழுத்தை மட்டும் நம்பாமல் பேச்சையும் கேட்டு ஒப்பிடுங்கள்.

பொது விவாதத்துக்கு நேராகப் பயன்படுவது, சபையின் நிர்வாக விதிகளைத் தொகுக்கும் பொதுக் கையேடு. 2020ல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். கருக்கலைப்பு பற்றி அறிய 38.6.1 பகுதியைத் திறந்தால் போதும்: சபை எதிர்க்கிறது, ஆனால் வன்புணர்வு, முறையற்ற உறவு, தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ கடும் ஆபத்து, பிறந்தபின் பிழைக்காத குழந்தை ஆகியவற்றை விதிவிலக்காகக் கருதுகிறது. வதந்தியை அடக்க இதைவிட நேர்வழி இல்லை.

செயலி தராதது ஒன்று உண்டு: மார்மன்கள் தங்களுக்குள் போடும் சண்டை. இங்கே ஒலிப்பது தலைமையின் குரல் மட்டுமே. 2015 நவம்பரில் ஒருபாலினத் தம்பதியரின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத்தைத் தடுத்துக் கொண்டுவந்த விதி 2019 ஏப்ரலில் கைவிடப்பட்டது. இடையில் உறுப்பினர்கள் பட்ட வேதனையை இதில் தேடினால் கிடைக்காது. சபைத் தலைமையின் கட்டுப்பாட்டில் இல்லாத இதழ்களான, 1966ல் தொடங்கிய டயலாக்கையும், 1974ல் பிறந்த சன்ஸ்டோனையும், மார்மன் பெண்களின் எக்ஸ்போனன்ட் 2ஐயும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசாரியத்துவத் தடையின் வரலாற்றை, சபை உறுப்பினரான லெஸ்டர் புஷ் டயலாக்கில் எழுதியது 1973ல். தடை நீங்க ஐந்து ஆண்டு முன்பு, சபையின் கட்டுரைக்கு நாற்பது ஆண்டு முன்பு. முதலில் அதைப் படித்துவிட்டு, பிறகு செயலியில் உள்ள கட்டுரைக்கு வாருங்கள்.