ஆன்லைன் கவுன்சிலிங் முதுகலை என்று சொல்லி 1,18,000 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள், ராமநாதபுரம் பக்கத்து டீச்சர்கள் தயவுசெய்து படியுங்கள்

இன்று காலையும் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன். என் நம்பரை எடுக்கவே இல்லை. தம்பி போனிலிருந்து போட்டால் உடனே எடுத்தார்கள், என் பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டார்கள். 1,18,000 ரூபாய் வாங்கியவர்கள் செய்கிற வேலை இது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், கடைசியில் எப்படிச் சரிபார்ப்பது என்றும் விவரமாகச் சொல்கிறேன்.

கம்பெனி பெயரைப் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். என்ன மாதிரி ஆட்கள் என்று மட்டும் சொல்கிறேன். இவர்கள் யுனிவர்சிட்டி கிடையாது. பல யுனிவர்சிட்டிகளுக்கு ஆன்லைன் அட்மிஷன் பிடித்துத் தருகிறோம் என்று ஆப் வைத்திருப்பவர்கள், இன்ஸ்டாவில் விளம்பரம் ஓடும், "வீட்டிலிருந்தே எம்.எஸ்ஸி. கவுன்சிலிங் சைக்காலஜி, யுஜிசி அங்கீகாரம், பள்ளி ஆலோசகர் வேலை உறுதி" என்று. எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே இன்னொரு டீச்சரும் அதே ஆளிடம் பேசிக்கொண்டிருந்தார், நல்ல வேளையாக அவர் இன்னும் பணம் கட்டவில்லை.

நான் மண்டபம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பி.எஸ்சி. சைக்காலஜி முடித்து பி.எட். செய்தவள். என் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான், அவன் அப்பா போன போட்டை இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போனதிலிருந்து பேச்சையே நிறுத்திவிட்டான். இந்தக் கரையில் இப்படிப் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் இல்லை. ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் எந்தப் பள்ளியில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அப்பா எப்போது வருவார் என்று தெரியாது, போட்டு திரும்பக் கிடைக்குமா தெரியாது, வீட்டில் கடன்காரன் வாசலில் நிற்கிறான், பிள்ளை வகுப்பில் வந்து பெஞ்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவன் பாட்டியிடம் தெருவில் ஏர்வாடிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். தர்காவை நான் குறை சொல்லவில்லை, எத்தனையோ பேருக்கு அது ஆறுதல், இப்போது அங்கேயே அரசு மனநல மருத்துவமும் கிடைக்கிறது. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 காலையில் அதே ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை எரிந்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் செத்ததை எங்கள் அம்மா இன்னும் சொல்லிச் சொல்லி அழுவார். இந்த மாவட்டத்துக்கு மனநலம் முறையாகப் படித்த ஆட்கள் வேண்டும், பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வேண்டும். அதற்காகத்தான் படிக்க நினைத்தேன்.

விளம்பரத்தில் நம்பர் கொடுத்த அன்றே ஒருவன் கூப்பிட்டான். நல்ல தெக்கத்திப் பேச்சு. ஃபீஸ் பற்றி அவன் முதலில் பேசவே இல்லை, "ஏன்க்கா இந்தப் படிப்பு?" என்று கேட்டான். நான் அந்தப் பையனைப் பற்றிச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான். அப்புறம், "அக்கா, உங்களை மாதிரி ஆளுங்கதான் இந்தத் துறைக்கு வரணும், அந்தப் பையன் அடுத்த வருசம் உங்க ரூம்ல வந்து உட்கார்ந்து பேசுவான் பாருங்க" என்றான். என்னை நம்ப வைத்தது அதுதான், வேறு எதுவும் இல்லை. ஒரு பிள்ளையின் வேதனையைக் கேட்டுவிட்டு அதையே எடுத்து என்னிடம் சரக்கு விற்றிருக்கிறான், இதை நினைத்தால்தான் பணம் போனதைவிட அதிகமாக எரிகிறது.

யுஜிசி அங்கீகாரக் கடிதம் என்று ஒரு பிடிஎஃப் அனுப்பினான், வடக்கே உள்ள ஒரு யுனிவர்சிட்டி பெயர், சீல், கையெழுத்து எல்லாம் இருந்தது. இந்த பேட்ச் இன்று இரவு மூடுகிறது என்றான். அம்மா சங்கிலியை வைத்து 70,000 கட்டினேன். மீதி 48,000-க்கு ஒரு லிங்க் அனுப்பி, "லோன் இல்லக்கா, தவணை வசதி" என்று சொல்லி செல்ஃபி, ஆதார், கையெழுத்து எல்லாம் வாங்கினான். அது ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் என் பெயரில் எடுத்த முழு லோன். ஆக மொத்தம் 1,18,000.

அதோடு அவன் குரல் மாறிவிட்டது. கிளாஸ் எப்போது என்றால் அடுத்த வாரம். என்ரோல்மென்ட் நம்பர் எங்கே என்றால், "நான் அட்மிஷன் மட்டும்தான், அகாடமிக் டீம் கூப்பிடுவாங்க." அகாடமிக் டீம் உங்கள் புகாரைப் பதிந்து டிக்கெட் போட்டிருக்கிறோம், 48 மணி நேரம் பொறுங்கள் என்றது. 48 மணி நேரம் கழித்துக் கூப்பிட்டால் பழைய டிக்கெட்டை மூடிவிட்டு இன்னொரு டிக்கெட். ஆப்பில் பார்த்தால் யாரோ எப்போதோ எடுத்து வைத்த வீடியோக்கள், அதுவும் பாதி ஆளுமை வளர்ச்சிப் பேச்சு. பிராக்டிகல் எங்கே செய்வது என்று கேட்டதற்கு ஒரு பெண் சொன்ன பதில் இது: "உங்க ஸ்கூல்லயே செஞ்சதா எழுதி எச்.எம். கிட்ட கையெழுத்து வாங்கி அப்லோட் பண்ணுங்க மேடம்." பிள்ளைகள் மனசில் கை வைக்கிற படிப்பு ஐயா இது.

அமெரிக்காவில் இருக்கிற என் சித்தி மகள் அங்கே ஆன்லைனில்தான் பள்ளி கவுன்சிலிங் முதுகலை படிக்கிறாள். அவளிடம் இதைச் சொன்னபோது அதிர்ந்துவிட்டாள். அவள் படிப்புக்கு கேக்ரெப் என்ற அமைப்பின் அங்கீகாரம் உண்டாம், 60 கிரெடிட், பாடம் கம்ப்யூட்டரில் கேட்டாலும் 100 மணி நேரம் பிராக்டிகம், அதற்கு மேல் 600 மணி நேரம் இன்டர்ன்ஷிப், அதில் 240 மணி நேரமாவது நேரில் மாணவர்களோடு, எல்லாம் தகுதியுள்ள மேற்பார்வையாளர் கண்காணிப்பில். ஆன்லைன் என்றாலே ஏமாற்று என்று இல்லை, அங்கே அப்படி நடத்துகிறார்கள். இங்கே ஒரு கையெழுத்தில் முடிக்கச் சொல்கிறார்கள்.

பிறகு நானே அந்த யுனிவர்சிட்டிக்கு மெயில் போட்டேன். பதில் வந்தது. என் பெயரில் அங்கே சேர்க்கையே இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியை ஆன்லைனிலோ தொலைநிலையிலோ நடத்தவே கூடாது என்று யுஜிசி உத்தரவு போட்டிருக்கிறது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் கீழ் வருகிற படிப்புகள் என்பதால் சைக்காலஜியோடு சத்துணவியல் மாதிரி இன்னும் சில படிப்புகளையும் நிறுத்தியிருக்கிறார்கள். என்னிடம் பணம் வாங்கியது அதற்குப் பிறகு. அட்மிஷன் விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாதா? தெரிந்தே, இல்லாத சீட்டை 1,18,000-க்கு விற்றிருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரீஃபண்ட் 7 நாளைக்குள் கேட்டிருக்க வேண்டும் என்கிறார்கள், அந்த 7 நாளும் டிக்கெட் போட்டு இழுத்தடித்தது யார்? ஃபைனான்ஸ் கம்பெனியோ கையெழுத்து உங்களுடையது, தவணை தவறினால் சிபில் ஸ்கோர் போகும் என்று மிரட்டுகிறது. முதலில் பேசிய ஆள் என்னை வாட்ஸாப்பில் பிளாக் செய்துவிட்டான். 5-ம் தேதி ஆனால் கணக்கிலிருந்து இஎம்ஐ மட்டும் சரியாகப் போகிறது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆன்லைன், தொலைநிலை என்று எந்தப் பட்டத்தில் சேர்ந்தாலும் யுஜிசியின் டெப் (தொலைநிலைக் கல்விப் பிரிவு) தளத்தில் நீங்களே டெப்-ஐடி என்ற மாணவர் எண்ணை எடுக்க வேண்டும், அதைக் கேட்காமல் அட்மிஷன் போட்டுவிட்டோம் என்றால் அது அட்மிஷனே இல்லை. அந்தத் தளத்திலேயே எந்த யுனிவர்சிட்டிக்கு எந்தப் படிப்பு அனுமதி என்று இருக்கிறது, அவர்கள் அனுப்புகிற பிடிஎஃப்பைப் பார்க்காதீர்கள். பணம் யுனிவர்சிட்டி கணக்குக்கு மட்டும். செல்ஃபியும் ஆதாரும் கேட்டால் அது லோன்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகலாம் என்று யாராவது சொன்னால் அதற்குத் தேவையான ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எப்படி வரும் என்று திருப்பிக் கேளுங்கள். பணம் போய்விட்டால் அன்றே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடப் போகிறேன், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. இதே மாதிரி ஆப்பில் கவுன்சிலிங் படிப்புக்குப் பணம் கட்டியவர்கள் ராமநாதபுரம், பரமக்குடி, தொண்டி என எங்கே இருந்தாலும் ரசீதையும் வாட்ஸாப் பேச்சையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு மெசேஜ் போடுங்கள், அடுத்த வாரம் வக்கீலைப் பார்க்கப் போகும்போது எல்லாருடையதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறேன்.